நாரி நோவும் அரை வாளித் தண்ணியும்

போன மாரிக்குக் கொஞ்சம் முதல் ஒரு பின்னேரம் அந்த அக்கா வந்தவ. கையில துணிக்கடை ஷொப்பிங் பேக் ஒண்டு, அதுக்குள்ள ரெண்டு எம்.ஆர்.ஐ, ஒன்பது எக்ஸ்ரே, நாலு கிளினிக் கொப்பி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டின மருந்துச் சீட்டுக் கட்டு. எல்லாத்தையும் என்ட மேசையில பரப்பி வச்சிட்டு "பாருங்க மிஸ்" எண்டா. தான் கதிரையில இருக்கேல்ல, கதிரையின்ட முதுகைப் பிடிச்சுக் கொண்டு நிண்டா, மூதூர்ல இருந்து பஸ்ஸில இருந்து வந்ததே காணும், இனி இருக்க ஏலாதாம்.

நான் இங்க திருகோணமலையில ஃபிசியோ. போர்டில இயன்மருத்துவம் எண்டு வடிவா எழுதி வச்சிருக்கு ஆனா சனம் எக்ஸர்சைஸ் மிஸ் எண்டுதான் சொல்லும், சில பேர் "கரண்ட் பிடிக்கிற மிஸ்". பகல்ல ஒரு இடத்தில வேலை, பின்னேரம் உப்புவெளியில ஒரு சின்ன ரூம். இதில வாற அக்கா நிசத்தில ஒராள் இல்ல, ரெண்டு மூண்டு பேரைச் சேர்த்து ஒராளாக்கி இருக்கிறன், ஆரையும் அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாது எண்டுதான், ஆனா நடந்தது எல்லாம் நடந்ததுதான்.

சம்பூர்ப் பக்கம் ஊர். 2006ல சண்டைக்க வெளிக்கிட்டு, அங்க இங்க நிண்டு, பிறகு கிளிவெட்டி முகாமில வருஷக்கணக்கா இருந்து, காணி விட்ட பிறகு திரும்பிப் போன குடும்பம். ஓடேக்க மகனைத் தூக்கிக் கொண்டு ஓடினதில நாரி பிடிச்சதாம், அதுதான் தொடக்கம். பிறகு பிடரி, பிறகு தோள், பிறகு ரெண்டு முழங்கால், இப்ப கொஞ்ச நாளா சட்டை உரசினாலே முதுகு எரியுதாம். இரவில மூண்டு மணித்தியாலம் நித்திரை கொண்டா அது நல்ல இரவு. மனிசன் இல்ல, அதைப் பற்றி ஒரே ஒரு வசனம் சொன்னா, நானும் மேல கேக்கேல்ல. அண்டைக்கு ஓடேக்க தூக்கின மகன் இப்ப கட்டார்ல.

நோவோட கனகாலம் திரியிற ஒராள் வந்தா முதல் வேலை, பயப்பிட வேண்டிய விசயம் ஏதும் உள்ளுக்க இருக்கா எண்டு பாக்கிறது. மூத்திரம் மலம் கட்டுப்பாடில்லாமப் போகுதா, தொடை இடுக்கில விறைச்ச மாதிரி இருக்கா, காலில பலம் நாளுக்கு நாள் குறையுதா, காய்ச்சல் இருக்கா, காரணமே இல்லாம மெலியிறாங்களா, முந்தி கான்சர் வந்ததா. இதில ஒண்டுக்கு ஓம் எண்டாலும் என்னட்ட மினக்கெடக் கூடாது, நேர டொக்டரிட்ட, மூத்திரமும் தொடை இடுக்கு விறைப்பும் எண்டா அண்டைக்கே ஹொஸ்பிட்டல். அக்காவுக்கு அப்பிடி ஒண்டும் இல்ல. முழங்காலில சுத்தியலால தட்டிப் பாத்தன், பெருவிரலைத் தூக்கச் சொல்லித் தள்ளிப் பாத்தன், கால் ரெண்டும் நல்ல பலம்.

குனியச் சொன்னன். கை முழங்கால் வரைக்கும் கூடப் போகேல்ல, மூச்சைப் பிடிச்சா, முகம் வேர்த்துப் போச்சு, "ஏலாது மிஸ்" எண்டு நிமிந்திட்டா. சரி எண்டு நான் எழுதிக் கொண்டிருக்கேக்க கொப்பிக்குள்ள இருந்து பஸ் ரிக்கெட் கீழ விழுந்திட்டு, அவ சும்மா டக்கெண்டு குந்தி எடுத்துக் கொண்டு எழும்பினா. எடுத்தது தனக்கே தெரியாது.

நான் படிச்சு வெளிய வந்த புதுசில இதைக் கண்டிருந்தா மனசுக்குள்ள "நடிக்கிறா" எண்டு எழுதியிருப்பன். எங்களில கனபேர் அப்பிடித்தான் எழுதினது, இப்பவும் எழுதுற ஆக்கள் இருக்கினம். ஆனா அதில நடிப்பு ஒண்டும் இல்ல. "குனியுங்க" எண்டு சொன்னவுடன அவட மூளைக்கு அது ஆபத்தான வேலை, உடனே முதுகுத் தசை எல்லாம் இறுகி நோவும் கூடுது. ரிக்கெட் விழேக்க ஆபத்து எண்டு நினைக்க நேரமே கிடைக்கேல்ல, அதால உடம்பு தன்ட பாட்டில குந்திச்சுது. முதுகு மடியுது எண்டதை எனக்குக் காட்டினது அந்த ரிக்கெட்தான், எம்.ஆர்.ஐ இல்ல.

எம்.ஆர்.ஐ ரிப்போர்ட்டில டிஸ்க் தேய்வு, டிஸ்க் பிதுக்கம் எண்டு இருந்தது, டிஸ்க் எண்டா முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில இருக்கிற மெத்தை. ஒரு இடத்தில ஒரு டொக்டர் அதைப் பாத்திட்டு "டிஸ்க் விலகிட்டு, நரம்பு நசியுது, இனி ஒரு வாளித் தண்ணி கூடத் தூக்கப்படாது, தூக்கினா படுக்கைதான்" எண்டு சொல்லியிருக்கிறார். சொல்லிப் பத்து வருஷத்துக்கு மேல. அண்டையில இருந்து அக்கா கிணத்தில தண்ணி அள்ளேல்ல, இப்ப பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் அள்ளிக் குடுக்குது, அதுக்கு அவ மாசாமாசம் ஏதாவது வாங்கிக் குடுக்கிறா, குடுக்க ஏலாத மாசம் வெக்கத்தில குளிக்கிறதைக் குறைக்கிறா. இது எந்தக் கொப்பியிலயும் இல்ல. "நோ வந்த பிறகு எதை விட்டனீங்க" எண்டு கேட்ட பிறகுதான் வந்தது.

டிஸ்க் பற்றி ஒரு விசயம் சொல்லோணும். 2015ல ஒரு ஆய்வுத் தொகுப்பு வந்தது, முதுகு நோவே இல்லாத 3110 பேரின்ட ஸ்கேன்களைச் சேர்த்துப் பாத்தது. 20 வயசு ஆக்களிலயே 37 வீதம் பேருக்கு டிஸ்க் தேய்வு இருந்திருக்கு, 30 வீதம் பேருக்குப் பிதுக்கம். 80 வயசில தேய்வு 96 வீதம். ஒருத்தருக்கும் நோ இல்ல, கவனிச்சுக் கொள்ளுங்க. தலைமயிர் நரைக்கிற மாதிரித்தான் அதில கனக்க. ஸ்கேன் வேண்டாம் எண்டு சொல்ல வரேல்ல, சில ஆக்களுக்கு அது உயிரையே காப்பாத்தும். ஆனா ரிப்போர்ட்டை எந்தச் சொல்லில சொல்லுறம் எண்டது சின்ன விசயம் இல்ல.

அந்த டொக்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்ல. நானும் அதையே செய்திருக்கிறன். வேலைக்கு வந்து ரெண்டாம் வருஷமோ என்னவோ, ஒரு அம்மாவுக்கு நாரிப்பிடிப்பு, ஹொட் பேக் வச்சு கரண்ட் பிடிச்சு அனுப்பேக்க "இனி பாரம் ஒண்டும் தூக்காதேங்க அம்மா" எண்டு சும்மா வாய்க்கு வந்த மாதிரி சொல்லி விட்டன். கன வருஷத்துக்குப் பிறகு பத்திரகாளி அம்மன் கோயில் வாசல்ல கண்டன், பக்கத்தில நாலு வயசுப் பேத்தி. "பிள்ளையை நான் ஒரு நாளும் தூக்கினதில்ல மிஸ், நீங்க தானே தூக்க வேண்டாம் எண்டனீங்க" எண்டு சிரிச்சுக் கொண்டு சொல்லுறா, நன்றி சொல்லுற மாதிரி. அவவுக்கு நோ போய் எத்தனையோ வருஷம். நான் வச்ச ஹொட் பேக் அரை மணித்தியாலத்தில ஆறியிருக்கும், சொன்ன சொல்லு மட்டும் ஆறாம அப்பிடியே இருந்திருக்கு. அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்ல.

சரி, அக்காவிட்ட வருவம்.

மூண்டு மாசத்துக்கு மேல நிண்டா அதை நாள்பட்ட நோ எண்டுதான் கணக்கு. கையில வெட்டின காயத்து நோவும் இதும் ஒரே சாமான் இல்ல. காயம் ஆறின பிறகும் நரம்புகள் தங்கட சத்தத்தைக் கூட்டியே வச்சிருக்கும், 1983லயே கிளிஃபர்ட் வுல்ஃப் எண்ட ஆராய்ச்சியாளர் முண்ணாணுக்குள்ள, அதான் முள்ளந்தண்டுக்குள்ளால போற நரம்புத் தண்டுக்குள்ள, இந்த மாற்றம் நடக்குது எண்டு காட்டினவர். இதை அக்காவுக்கு விளங்கப்படுத்த வேணும். கோர்ஸில சொல்லித் தந்த உதாரணம் கார் அலாரம், காத்து அடிச்சாலே அலாரம் அடிக்கிற கார் மாதிரி எண்டு. நானும் கையைக் காலை ஆட்டிச் சொன்னன். அக்கா என்னைப் பாவமாப் பாத்தா. அவட வீட்டில காரும் இல்ல அலாரமும் இல்ல.

கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு அவவே கேட்டா, "கோயில் திருவிழாவில வெடி கொளுத்தேக்க நான் இப்பவும் குனிஞ்சிடுவன் மிஸ், அது மாதிரியா?"

அதேதான். வெடிச்சத்தம் பொய் இல்ல, நெஞ்சு படபடக்கிறது பொய் இல்ல, குனியிறதும் பொய் இல்ல. ஷெல்தான் இப்ப இல்ல. 2006ல அப்பிடிக் குனிஞ்சதாலதான் உயிரோட இருக்கிறா, அதால உடம்பு அதை விட மாட்டன் எண்டு பிடிச்சு வச்சிருக்கு. இப்ப நான் வாற எல்லாருக்கும் இந்த வெடி உதாரணத்தைத்தான் சொல்லுறன், எங்கட ஊர்ல இதை விளங்காத ஆள் இல்ல.

பிறகு அவ கேட்ட கேள்வி எல்லாரும் கேக்கிறதுதான், "அப்ப எனக்கு மண்டையில பிழை எண்டுறீங்களா?" இல்ல அக்கா. நோ பற்றி ஆராயிற உலக அமைப்பு ஒண்டு இருக்கு, ஐ.ஏ.எஸ்.பி, அவங்க 2020ல நோவுக்கு விளக்கத்தைத் திருத்தி எழுதேக்க, அது உடம்பால உணர்றதும் மனசால உணர்றதும் சேர்ந்த அனுபவம் எண்டு எழுதி, ஒராள் தனக்கு நோகுது எண்டு சொன்னா அதை மதிக்கோணும் எண்டும் சேர்த்தே எழுதி வச்சிருக்கினம். மெஷினில தெரியேல்ல எண்டுறதுக்காக நோ இல்லாமப் போகாது.

மெஷின் எண்டவுடன ஞாபகம் வருது. கரண்ட் பிடிக்கிற டென்ஸ் மெஷின் சும்மா சாமான் இல்ல, 1965ல மெல்சாக், வோல் எண்ட ரெண்டு பேர் சொன்ன "கதவு" விளக்கத்தில இருந்து வந்தது, தொடுகை உணர்ச்சி போற வழியால நோவுக்குக் கதவைக் கொஞ்சம் சாத்தலாம் எண்டு, முட்டி அடிபட்டா நாங்க தேய்க்கிறமே அதே விசயம். கன்னியாவில ஏழு கிணத்திலயும் அள்ளி ஊத்திக் கொண்டு வந்தா உடம்பு லேசா இருக்கிறதும் சும்மா கதை இல்ல, சூடு தசையை இளக்கும். பரியாரியிட்ட எண்ணெய் போட்டு உருவிறதையும் நான் தடுக்கிறதில்ல, சட்டை பட்டாலே எரியிற ஆளைப் போட்டு அமத்தி உருவ வேண்டாம் எண்டு மட்டும் சொல்லுவன். பிரச்சினை என்னெண்டா இதெல்லாம் அரை நாள் ஒரு நாள் சுகம். அதோட ஆள் மேசையில படுத்திருக்க நாங்க செய்யிறம், ஆறு மாசம் அப்பிடிப் போனா ஆளுக்கு "என்ட முதுகை மிஸ் தான் பாக்கோணும்" எண்டு ஆகிடும். எனக்கு வருமானம், அவவுக்கு பஸ் காசு.

அதால அக்காவோட கடைசியில வாளியில வந்து நிண்டம். எக்ஸர்சைஸ் ஷீட் ஒண்டு இருக்கு, பன்னிரண்டு படம் போட்டது, அதை இப்ப நான் குடுக்கிறதே குறைவு, கொண்டு போய் சாமித்தட்டில வைக்கிறாங்க. அக்காவுக்கு வேணும் எண்டது ஒண்டே ஒண்டு, தன்ட தண்ணியைத் தானே அள்ளோணும். அப்ப வைத்தியமும் அதுதான்.

முதல் ரெண்டு கிழமை வெறும் வாளி. தண்ணி இல்ல. ரூமில ஒரு நீல பிளாஸ்டிக் வாளியை நிலத்தில வச்சு, கால் ரெண்டையும் அகட்டி, மூச்சைப் பிடிக்காம வெளிய விட்டுக் கொண்டு தூக்கிறது. முதல்ல பல்லைக் கடிச்சுக் கொண்டு, முதுகைப் பலகை மாதிரி வச்சுக் கொண்டு தூக்கினா, அது ஆரோ "நேரா வச்சுத் தூக்கு" எண்டு படிப்பிச்சது. நான் சொன்னன் அந்த ரிக்கெட்டை எடுத்த மாதிரி எடுங்க எண்டு. எந்த ரிக்கெட் எண்டா. சொன்னன். நம்பவே இல்ல. பிறகு சிரிச்சா, வந்து மூண்டாந் தரம், அண்டைக்குத்தான் முதன்முதல் சிரிச்சது.

எத்தனை தரம் எண்டதுக்கு ஒரு கணக்கு இருக்கு. நல்ல நாளில எத்தனை ஏலும், மோசமான நாளில எத்தனை ஏலும் எண்டு ஒரு கிழமை எழுதி, மோசமான நாளின்ட கணக்குக்குக் கொஞ்சம் கீழ தொடங்கிறது. அவவுக்கு அது நாலு தரம். காலையில நாலு, பின்னேரம் நாலு. நல்லா இருந்தாலும் நாலுதான், நொந்தாலும் நாலுதான். கிழமைக்கு ஒருக்கா ஒண்டு கூட்டுறது. பிறகு வாளிக்குள்ள ஒரு செம்புத் தண்ணி, பிறகு ரெண்டு செம்பு. நல்ல நாளில கூடச் செய்யாம நிப்பாட்டிறதுதான் ஆக்களுக்குச் சரியான கஷ்டம்.

அதில நான் தோத்த கதையும் இருக்கு. திருக்கடலூர்ப் பக்கத்து அண்ணன் ஒராள், கரைவலை. நோ குறைஞ்ச அண்டைக்கு விடியக்காலம் தொட்டு வலை இழுப்பார், விட்டுப்போன நாளெல்லாத்துக்கும் சேர்த்து, பிறகு மூண்டு நாள் பாயில. திரும்ப எழும்பி திரும்ப இழுப்பு. போனில அலாரம் வச்சு இருபது நிமிசத்துக்கு ஒருக்கா மாறி நில்லுங்க எண்டு சொன்னன். "மிஸ், வலை வரேக்க அலாரம் அடிச்சா கயித்தை விட்டிட்டு நிக்கிறதா, மற்றவன் என்ன சொல்லுவான்?" அவர் கேட்டதில ஞாயம் இருக்கு, கயித்தில இருபது பேர் நிக்கேக்க ஒராள் தன்ட கணக்குக்கு விட ஏலாது, பங்கும் குறையும். நான் ரூமுக்குள்ள இருந்து கணக்குப் போட்டன், கடல்ல கணக்கு வேற. நாலு தரம் வந்தார், பிறகு வரேல்ல. ஒருக்கா கரைக்குப் போய் அவர் இழுக்கிறதைப் பாத்திருக்கோணும், போகேல்ல.

அக்காவுக்கு வாளியால மட்டும் சரி வரேல்ல. நித்திரை இல்லாத உடம்புக்கு நோ கூடத்தான் செய்யும், அதால டொக்டர் ஒராளுக்குக் கடிதம் எழுதி அனுப்பினன், இரவுக்கு சின்ன டோஸில ஒரு மருந்து குடுத்தார், அமிட்ரிப்டிலின். அவ குடிச்சுக் கொண்டிருந்த பனடோல் கணக்கைக் கேட்டு அவரே திகைச்சுப் போனார். மனநலக் கிளினிக்குக்குப் போறதுக்குத்தான் சரியான இழுபறி, ஊர்ல கண்டா என்ன நினைப்பினம் எண்டு. போனா. முகாமில இருந்த காலத்தைப் பற்றி முதன்முதல் வாய் திறந்து கதைச்சது அங்கதான் எண்டு பிறகு சொன்னா. அதில என்ன கதைச்சவ எண்டு எனக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்ல. அந்தக் கிழமை முதுகு எரிவு குறைஞ்சது மட்டும் தெரியும்.

இதெல்லாம் நானாக் கண்டுபிடிச்ச வித்தை இல்ல. இங்கிலாந்தின்ட நைஸ் அமைப்பு 2021ல வெளியிட்ட வழிகாட்டியில, வேற நோயால விளக்க ஏலாத நாள்பட்ட நோவுக்கு உடற்பயிற்சி, மனநல சிகிச்சை, சில மனச்சோர்வு மருந்துகள் (அமிட்ரிப்டிலினும் அதில ஒண்டு) எண்டு வச்சிட்டு, பனடோல் வகையையும் டிக்லோபெனாக் வகையையும் தொடங்கவே வேண்டாம் எண்டு எழுதியிருக்கு. 2023ல அவுஸ்திரேலியாவில 492 பேரை வச்சு ஒரு ஆய்வு வந்தது, ஃபிசியோமார் ஆளோட இருந்து அவங்கட நோக்கதையைக் கேட்டு, பயப்பிடுற அசைவை ஒவ்வொண்டாத் திரும்பப் பழக்கிறது, பன்னிரண்டு கிழமைக்குள்ள ஏழு தரம் வரைக்கும், பிறகு ஒருக்கா. ஒரு வருஷம் கழிச்சும் பலன் நிண்டிருக்கு. ஆனா ஒரு ஆளுக்கு முதல் நாள் ஒரு மணித்தியாலம் குடுக்கோணும். லைன் வாசல் தாண்டி நிக்கிற இடத்தில அந்த ஒரு மணித்தியாலத்துக்கு எங்க போறது, அதுக்கு ஒரு ஆய்விலயும் பதில் இல்ல. நான் பின்னேர ரூமில ரெண்டு பேரைக் குறைச்சு ஒராளைப் பாக்கிறன், வீட்டில அதுக்குப் பேச்சு வாங்கிறன், அவ்வளவுதான்.

இடையில மாரி வந்து எல்லாம் குழம்பிச்சுது. மழை, குளிர், ரோட்டில தண்ணி, மூண்டு கிழமை அக்கா வரேல்ல. வந்தப்ப முகம் சரியில்ல. தண்ணி வீட்டுக்குள்ள வரப்போகுது எண்டு சாமான் எல்லாம் தூக்கி உயர வச்சிருக்கிறா, அரிசி மூட்டை உட்பட, பிறகு ரெண்டு நாள் எழும்பேல்ல. "எல்லாம் போச்சு மிஸ், திரும்ப விலகிட்டுது போல." திரும்பச் சோதிச்சன், காலில பலம் அப்பிடியே, ஒண்டும் மாறேல்ல. எத்தனை நாள் படுத்தனீங்க எண்டு கேட்டன், ரெண்டு. முந்தி இப்பிடி வந்தா எத்தனை நாள்? யோசிச்சா. "ஒரு மாசம்." அதைத் தானே சொல்லிப்போட்டுத் தானே என்னைப் பாத்தா. நான் ஒண்டும் சொல்லேல்ல, வாளியை எடுத்து வச்சன், திரும்ப வெறும் வாளியில இருந்து.

இப்ப நோ இருக்கா எண்டு கேட்டா இருக்கு. பத்துக்கு எட்டு எண்டு சொன்னவ இப்ப அஞ்சு எண்டுறா, சில நாள் ஏழு. ஷொப்பிங் பேக் கொண்டு வாறதை விட்டிட்டா, அதை நான் சொல்லேல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இந்த வருஷம் ஓ.எல் சோதினையாம், "அது படிக்கட்டும் மிஸ், நான் அள்ளிக் கொள்ளுறன்" எண்டா. போன கிழமை அவட கார்ட்டில அரை வாளி எண்டு இருந்ததை வெட்டி முக்கால் வாளி எண்டு எழுதினன். வாசல் வரைக்கும் போனவ திரும்பி வந்து, "முக்கால் எண்டா எந்தக் கோடு வரைக்கும்?" எண்டு அந்த நீல வாளியைத் தூக்கிக் காட்டிக் கேட்டா. மார்க்கர் பேனையைத் தேடி எடுத்துக் கோடு போட்டுக் குடுத்தன், வாளியையும் கையோட கொண்டு போயிட்டா, இனி ரூமுக்கு வேற ஒண்டு வாங்கோணும்.